மருளைப் பிரித்து நடுவோம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. தாவரவியல் மாணவர் ஒருவர்)

மதுரையைச் சுற்றியுள்ள கரடுகளிலும் வேலியோரங்களிலும் எவரும் நீர் ஊற்றாமலே வளர்ந்து நிற்கும் செடி மருள். சங்க நூல்கள் இதனை மரல் என்று வழங்கும். நடுகல்லுக்குச் சூட்டிய கண்ணியை மரலைக் கிழித்துத் தொடுத்த செய்தி புறநானூற்றில் வருகிறது. இதன் நார் வில்லுக்கு நாணாகவும் பயன்பட்டது. இதன் ஆப்பிரிக்க உறவினம்தான், இலையோரத்தில் மஞ்சள் கரை ஓடிய பாம்புச் செடி. இன்று வங்கிகளிலும் அலுவலகங்களிலும் தொட்டி தொட்டியாக நாம் காண்பது அதுவே. சான்சிவீரியா என்றிருந்த பேரினத்தை இப்போது டிராசினாவோடு சேர்த்துவிட்டார்கள். 2017 முதல் பாம்புச் செடியின் பெயர் டிராசினா டிரைஃபேசியேட்டா. நூலகத்தில் பழைய நூல்களைப் புரட்டும் நண்பர்கள் இதனை மனத்திற் கொள்க.

இச்செடியைப் பெருக்க இரு வழிகள் உண்டு: கிழங்கைப் பிரித்து நடலாம், அல்லது இலையை வெட்டி நடலாம். இலை வழி சிக்கனமானது. ஓர் இலையை மூன்று, நான்கு அங்குலத் துண்டுகளாக நறுக்கினால் ஐந்தாறு செடிகள் கிடைக்கும். ஆயினும் இங்கேதான் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது.

என் தாயார் அழகர்கோவில் சாலையில் நாற்றுப் பண்ணை ஒன்றில் கூலி வேலை செய்பவர். பள்ளிக்கூடம் போனதில்லை. "மஞ்சக் கரைச் செடிய எலையா நறுக்கி வைக்கக் கூடாது, பச்சையாப் போயிரும். கெழங்கோட பிரிச்சு வைக்கணும்" என்பார். ஏன் என்று கேட்டால், "அதத்தான் நீ படிக்கப் போறியே ராசா, படிச்சிட்டு வந்து சொல்லு" என்பார். பச்சையாய்ப் போன செடிக்கு மஞ்சள் கரைச் செடியின் விலை கிடைக்காது. எனவே அவர்களுக்கு இது கூலியைத் தொடும் கேள்வி. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பதில் சொல்லாமல் தப்ப முடியுமா?

காரணம் இதுதான். மஞ்சள் கரைச் செடி ஒரே வகை உயிரணுக்களால் ஆனதன்று. பச்சையம் உண்டாக்கும் உயிரணுக்களும் அது இயலாத உயிரணுக்களும் அடுக்கடுக்காக அமைந்த கூட்டுடல் அது. தாவரவியலார் இதனைக் கைமிரா என்பர். வளர்நுனியில் அந்த அடுக்குகள் ஒழுங்காக இருக்கும் வரை, பிறக்கும் ஒவ்வோர் இலையும் கரையோடு பிறக்கும். இலைத் துண்டில் வளர்நுனி இல்லை. அதன் அடிவெட்டில் புதிதாகத் தோன்றும் முளை பச்சைத் திசுவிலிருந்து கிளம்புவதால், பிள்ளைச் செடி முழுப் பச்சையாகிவிடுகிறது. கிழங்கிலோ, அதாவது மட்டநிலத்தண்டிலோ, அடுக்குக் கலையாத மொட்டுகள் ஏற்கெனவே இருக்கின்றன. அம்மாவிடம் இதைப் புடவைக் கரையை உவமை காட்டிச் சொன்னேன். "அப்ப நான் சொன்னது சரிதானே" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

இனிச் செய்முறை. சித்திரை வெயிலிலும் ஐப்பசி அடைமழையிலும் செடியைத் தொட வேண்டாம். ஆடி, ஆவணி ஏற்றவை. இரண்டு, மூன்று நாள் நீர் நிறுத்தினால் மண் உதிரும். தொட்டியைக் கவிழ்த்துத் தட்டிச் செடியை எடுத்து, மண்ணை உதறிக் கிழங்கு ஓடும் திசையைப் பாருங்கள். சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஓர் இலைக்கொத்தும் சில வேர்களும் இருக்க வேண்டும். வெட்டுவாயை ஓரிரு நாள் நிழலில் காயவிடுவது மிக முக்கியம். ஈரக் காயத்தோடு நட்டால் அழுகிவிடும்.

திருமங்கலம் பக்கத்துக் கரிசல் நீரைப் பிடித்து வைத்துக் கொள்ளும், இதற்கு ஆகாது. செம்மண்ணுடன் மக்கிய எருவும், நீர் வடிய உடைத்த செங்கல் தூளும் போதும். இதற்காக வைகை மணலை அள்ள வேண்டியதில்லை. அடியில் துளையுள்ள மானாமதுரை மண்தொட்டி மிக நன்று. நட்டபின் ஒரு வாரம் கழித்து நீர் ஊற்றி, பிறகு மண் நன்கு காய்ந்தால் மட்டும் ஊற்றுங்கள். இச்செடி வறட்சியில் சாவது அரிது. அன்பு மிகுந்து நீர் ஊற்றுவோர் கையில்தான் சாகும்.

பச்சை வகையை இலைத் துண்டால் தாராளமாகப் பெருக்கலாம். துண்டின் அடிப்பக்கம் எதுவென அடையாளமிட்டு, அப்பக்கமே மண்ணில் இறங்குமாறு நடுக. தலைகீழாக நட்டால் வேர் விடாது. முளை தலைகாட்ட இரண்டு, மூன்று மாதங்களுக்கு மேலும் ஆகலாம்.

இரவிலும் பிராணவாயு தரும் செடி என்று சொல்லி இதனை விற்கிறார்கள். இலைத்துளைகளை இது இரவில் திறந்து கரியமிலவாயுவை உள்ளே வாங்கிச் சேமிப்பது உண்மை. ஆனால் பிராணவாயு வெளிப்பட ஒளி வேண்டும். அது பகல் வேலை.

மஞ்சள் கரைத் தொட்டியில் எப்போதாவது முழுப் பச்சை முளை ஒன்று கிளம்பினால் உடனே பிரித்து வேறு தொட்டியில் வையுங்கள். பச்சையம் மிகுந்த அது வேகமாக வளர்ந்து கரைச் செடியை நெருக்கிவிடும்.