மூலைக்கு மூலை அளந்தீர்களா?

மனை வாங்கப் போகிறவர்கள் டேப்பைப் பிடித்து நான்கு பக்கமும் அளக்கிறார்கள். கிழக்கே 60 அடி, மேற்கே 60, வடக்கே 40, தெற்கே 40. 2400 சதுர அடி, சரியாக ஒரு கிரவுண்ட் என்று திருப்தியோடு திரும்பிவிடுகிறார்கள். பக்கங்கள் சொன்னபடி இருந்தால் பரப்பும் சொன்னபடி இருக்கும் என்பது ஊரெல்லாம் பரவிய நம்பிக்கை. அது தவறு. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கும் இடத்தில் நடக்கும் தவறு என்பதால் இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான்கு மரச்சட்டங்களை மூலைக்கு ஓர் ஆணி அடித்து இணைத்துப் பாருங்கள். கையால் தள்ளினால் சாயும். சட்டங்களின் நீளம் மாறாது; உள்ளே அடங்கும் இடம் மட்டும் சாயச் சாயக் குறைந்துகொண்டே போகும். மனையும் அப்படித்தான். 60-க்கு 40 மனை உண்மையிலேயே செவ்வகமாக இருந்தால், மூலைக்கு மூலை குறுக்கே அளக்கும்போது இரண்டு குறுக்களவும் 72 அடி 1 இன்ச்சுக்குச் சற்று மேலே, ஒன்றுபோல வரும். ஒரு குறுக்களவு 65 அடியாகவும் மற்றது 78 அடி 7 இன்ச்சாகவும் வந்தால், நீங்கள் பணம் கொடுப்பது 2400 சதுர அடிக்கு, கையில் கிடைப்பது 2350. நான்கு பக்கத்தையும் எத்தனை முறை அளந்தாலும் அந்த 50 சதுர அடி போன இடம் தெரியாது.

பக்கங்கள் சமமாக இல்லாத மனைக்கு இன்னொரு கணக்கு வழக்கத்தில் இருக்கிறது. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, வந்த இரண்டு எண்களையும் பெருக்குவார்கள். செவ்வகத்துக்கு மட்டுமே இது சரியான விடை தரும். மற்ற எல்லா நாற்கரங்களுக்கும் உண்மைப் பரப்பைவிடக் கூடுதலாகத்தான் காட்டும். ஒருபோதும் குறைத்துக் காட்டாது. அதாவது, பிழை எப்போதும் விற்பவர் பக்கமே சாய்கிறது. இந்தக் கணக்கை யார் போட்டுக் காட்டினாலும் ஏற்காதீர்கள்.

சாயாத உருவம் முக்கோணம். மூன்று பக்கமும் தெரிந்துவிட்டால் அதன் பரப்பு ஒன்றே ஒன்றுதான். 1802-இல் நில அளவையாளர் லாம்டன் பரங்கிமலை அருகே சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளந்து, அதன்மேல் முக்கோணங்களாக அடுக்கி இந்தியாவை அளக்கத் தொடங்கியது இந்த உறுதியை நம்பித்தான். நம் புல எண்களுக்கான எஃப்.எம்.பி. புலப்படத்திலும் நிலத்துக்குக் குறுக்கே கோடுகள் ஓடுவதைப் பார்க்கலாம். அந்தக் குறுக்களவுகள்தான் நிலத்தின் உருவத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. ஆகவே உங்கள் மனையையும் ஒரு குறுக்குக் கோட்டால் இரண்டு முக்கோணமாக்கி அளக்கச் சொல்லுங்கள்.

புலப்படம் மீட்டரில் இருக்கும், பேச்சு அடியில் நடக்கும். அப்போது "ஒரு இன்ச் இரண்டரை சென்டிமீட்டர்" என்று மனக்கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. பென்சில் நீளத்துக்கு அது போதும், மனைக்குப் போதாது. இன்ச் என்பது மிகச்சரியாக 25.4 மில்லிமீட்டர். 60 அடியை இரண்டரைக் கணக்கில் மாற்றினால் ஏறக்குறைய ஓரடி காணாமல் போகும்.

குழி எல்லா ஊரிலும் ஒரே அளவு என்று நம்புவதும் ஆபத்து. தஞ்சை வட்டாரத்தில் 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா. அது ஏறத்தாழ 33 சென்ட். வேறு ஊர்களில் குழியின் அளவே வேறு. சென்ட் அப்படி ஊருக்கு ஊர் மாறாது: ஏக்கரில் நூறில் ஒரு பங்கு, 435.6 சதுர அடி. விலை பேசும்போது சென்ட்டில் பேசுங்கள்.

இனி வீடு கட்டும் வேலை. மூலைமட்டம் வைத்துப் பார்த்தாயிற்று, மூலை சரி என்று நூல் கட்டிவிடுவது வழக்கம். இரண்டு அடி நீள மூலைமட்டம் ஒரு நூல், அதாவது இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு, விலகியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதே விலகல் 40 அடிச் சுவரின் கடைசியில் இரண்டரை இன்ச்சாக வளர்ந்து நிற்கும். டைல்ஸ் ஒட்டும் நாளில்தான் அது வெளிப்படும். நல்ல மேஸ்திரி மூலைமட்டத்தோடு நிறுத்த மாட்டார். ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, இடையே 5 அடி வருகிறதா என்று பார்ப்பார். இடம் இருந்தால் இன்னும் பெரிதாக, 12, 16, 20 என்று வைத்துப் பார்ப்பது மேல். முக்கோணம் பெரிதாகப் பெரிதாகப் பிழை சிறுக்கும்.

டேப்பின் முனையிலுள்ள கொக்கி ஆடுகிறது, தேய்ந்துவிட்டது என்று அதைச் சுத்தியலால் தட்டி இறுக்குகிறவர்களைப் பார்க்க வேதனையாக இருக்கிறது. அது ஆடுவதற்கென்றே செய்யப்பட்டது. கொக்கியின் தடிமன் எவ்வளவோ அவ்வளவே அசையும். பலகையின் விளிம்பில் மாட்டி இழுக்கும்போது வெளியே நகர்ந்து தன் தடிமனைக் கழித்துவிடும். சுவரில் முட்டும்போது உள்ளே நகர்ந்து அதைச் சேர்த்துக்கொள்ளும். இறுக்கிவிட்டால் இரண்டில் ஓர் அளவு நிரந்தரமாகப் பொய்யாகிவிடும்.

டியூப் லெவலில் இரண்டு முனையும் ஒரே அகலமாக இருக்க வேண்டும் என்பார்கள். தேவையில்லை. நின்ற நீர் குழாயின் அகலத்தைப் பார்ப்பதில்லை, இரு முனையிலும் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். கெடுப்பவை வேறு: குழாய்க்குள் சிக்கிய காற்றுக் குமிழும், மட்டம் குறிக்கும் நேரத்தில் ஒரு முனையை அடைத்திருக்கும் கட்டைவிரலும்.

கடைசியாகத் தண்ணீர்த் தொட்டி. ஆறடி அகலம், ஆறடி ஆழம் என்றால் வட்டமோ சதுரமோ ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். சதுரத் தொட்டி சுமார் 6,100 லிட்டர் கொள்ளும். அதே அகல வட்டத் தொட்டி 4,800 லிட்டர்தான். கட்டச் சொல்லும்போது அகலத்தை மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை லிட்டர் வேண்டும் என்று சொல்லி, அதை எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.