பெண்களின் கருவுறாமை: காரணங்களை அறிவோம்

கருத்தடை ஏதுமின்றி ஓராண்டு காலம் இல்லறம் நடத்தியும் கருத்தரிக்காத நிலையை மருத்துவம் கருவுறாமை என்கிறது. பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதங்களிலேயே பரிசோதனைக்கு வருதல் நலம். உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கையின்படி, ஏறத்தாழ ஆறில் ஒருவர் வாழ்நாளில் இதனை எதிர்கொள்கிறார். இது சாபமோ தோஷமோ அன்று. உடல்நலம் சார்ந்த நிலையே ஆகும்.

கரு உருவாக, சினைப்பையிலிருந்து முட்டை வெளிவர வேண்டும். கருக்குழாய் திறந்திருக்க வேண்டும். கருப்பை கருவை ஏற்க வேண்டும்.

முட்டை வெளிவராமை: மாதவிடாய் 35 நாட்களுக்கு மேல் தள்ளிப்போவது இதன் முக்கிய அறிகுறி. சினைப்பை நீர்க்கட்டி நோய் (பி.சி.ஓ.எஸ்.) இதற்குப் பெருங்காரணம். உடல் பருமன் உள்ளவர்கள் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகிறது. தைராய்டு குறைபாடும் புரோலாக்டின் மிகுதியும் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்; மாத்திரைகளால் சீராக்கலாம்.

கருக்குழாய் அடைப்பு: பால்வினைத் தொற்று, கருச்சிதைவுக்குப் பின் வரும் தொற்று, முந்தைய வயிற்று அறுவை சிகிச்சை ஆகியவை குழாயை அடைக்கலாம். நம் நாட்டில் மறக்கக்கூடாத மற்றொரு காரணம் காசநோய். காசநோய் நுரையீரலை மட்டுமே தாக்கும் என்று பலரும் கருதுகின்றனர். அக்கிருமி இரத்தத்தின் வழியே கருக்குழாயையும் கருப்பையின் உட்சுவரையும் அடையக்கூடும். இருமலோ காய்ச்சலோ இல்லாமலே பல ஆண்டுகள் மறைந்திருக்கும். மாதவிடாய்ப் போக்கு வரவரக் குறைவது ஓர் அறிகுறியாகலாம். சிலருக்கு எந்த அறிகுறியும் இராது. ஆகவே உங்களுக்கோ வீட்டில் எவருக்கோ முன்பு காசநோய் இருந்திருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் கூறுங்கள். அரசு மருத்துவமனைகளில் இதற்கான மருந்துகள் இலவசம். வழக்கமாக ஆறு மாதங்கள் இடைவிடாது உட்கொள்ள வேண்டும். நோய் குணமான பின்னும் குழாயின் சேதம் நீங்காமல் இருக்கலாம். அந்நிலையில் கருப்பை உட்சுவர் நலமாக இருந்தால் சோதனைக்குழாய் முறை உதவும். காலந்தாழ்த்தினால் உட்சுவரும் தழும்பேறிவிடக்கூடும்.

கருப்பை சார்ந்தவை: மாதவிடாயின்போது தாங்கவொண்ணா வலி இருப்பின் அது எண்டோமெட்ரியோசிஸ் நோயாக இருக்கலாம், 'சாக்லேட் கட்டி' இதன் ஒரு வடிவம். நார்க்கட்டிகள் யாவும் தடையல்ல. கருப்பையின் உட்குழியை நோக்கி வளர்பவையே பெரிதும் இடர் தருகின்றன.

வயது: முட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் 35 வயதுக்குப் பின் விரைந்து குறைகின்றன. புதியவை உருவாவதில்லை.

பரிசோதனைகளை ஒரு வரிசையில் செய்கிறோம்: இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், பின்னர் குழாய் அடைப்பைக் காட்டும் எக்ஸ்ரே. இந்த எக்ஸ்ரே மாதவிடாய் தொடங்கிய 7 முதல் 10 நாட்களுக்குள் எடுக்கப்படும்.

இவற்றோடு கணவரின் விந்துப் பரிசோதனையும் தொடக்கத்திலேயே நடைபெற வேண்டும். ஷிப்டு வேலையால் கணவர் வர இயலாமல், மனைவி மட்டும் தனியே வருவதை நம் நகரியத்தில் காண்கிறோம். குறைபாடு கணவரிடமும் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம். எளிய அச்சோதனையைத் தவிர்த்துவிட்டு மனைவிக்கு மட்டும் மாதக்கணக்கில் மருந்து தருவது பயனற்றுப் போகலாம்.

குடும்பத்தின் மூத்தோருக்கு எமது வேண்டுகோள்: மருமகளைக் குறைகூறும் சொல் எந்த நோயையும் தீர்ப்பதில்லை. தம்பதியர் இருவரையும் ஒன்றாக அனுப்பி வையுங்கள். பழைய மருத்துவச் சீட்டுகளையும், மாதவிடாய்த் தேதிகளைக் குறித்த தாளையும் தவறாமல் கொண்டு வரச் சொல்லுங்கள்.