எப்போது என்று கேள்

அன்புள்ள கதிர்,

நேற்று ராத்திரி போனில் உன் குரலைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. "அத்தை, இம்யூனாலஜி மட்டும் எனக்கு வராது. சிடி3, சிடி4, சிடி8 என்று மனப்பாடம் பண்ணுகிறேன், மறுநாள் காலையில் ஒன்றும் நிற்பதில்லை" என்றாய். போனில் சொல்லித் தீராது என்றுதான் எழுதுகிறேன். அவசரமில்லாமல் படி.

நான் முதலாண்டு படித்தபோது உடற்கூறு மேசையில் கிடந்தது ஒரு முதியவரின் உடல். மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே, மஞ்சளாகக் கொஞ்சம் கொழுப்பு. "இதுதான் தைமஸ். இதில் ஒன்றுமில்லை, அடுத்ததைப் பாருங்கள்" என்றார் பாடம் எடுத்தவர். நானும் அடுத்ததைப் பார்த்தேன். பல வருஷம் கழித்து ஒரு கைக்குழந்தையின் எக்ஸ்ரேயில் இதயத்தின் ஓரமாகத் தோணிப் பாய் விரித்த மாதிரி ஒரு நிழல் தெரிந்தது. கட்டியோ என்று பயந்துவிட்டேன். அது நல்ல ஆரோக்கியமான தைமஸ். முன்பு நான் பார்த்தது அணைந்த அடுப்பு. அதை வைத்து அந்த வீட்டில் சமையலே நடந்ததில்லை என்று முடிவு கட்டியிருந்தேன்.

பெரிய விஞ்ஞானிகளுக்கும் இந்தத் தவறு நேர்ந்தது. வளர்ந்த விலங்கிலிருந்து தைமஸை எடுத்துப் பார்த்தார்கள். அதற்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. சரி, வேண்டாத உறுப்பு என்று விட்டுவிட்டார்கள். லண்டனில் ஜாக் மில்லர் என்ற இளைஞர் எலிகளில் வரும் ரத்தப் புற்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்த வேலைக்காக அவர் பிறந்தவுடனேயே எலிக்குஞ்சுகளின் தைமஸை எடுத்தார். பால் மறந்த பிறகு அவற்றில் பல மெலிந்து, நோய்தொற்றிச் செத்தன. ரத்தத்தில் நிணநீர்ச் செல்கள் குறைந்திருந்தன. வேறு இன எலியின் தோலை ஒட்டினால் உடல் அதை மறுக்கவே இல்லை. 1961இல் இதை வெளியிட்டார். வேற்றுத் திசுவை உடல் மறுக்காமல் ஏற்கப் பழகும் என்று கண்டறிந்ததற்காக 1960இல் நோபல் பெற்ற பீட்டர் மெடவார்கூட, தைமஸில் நிணநீர்ச் செல்கள் இருப்பது பரிணாமத்தில் தற்செயலாக நேர்ந்தது என்றே அதன் பிறகும் கருதினார்.

வளர்ந்த எலிக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? செல்கள் ஏற்கெனவே தைமஸை விட்டுப் புறப்பட்டு மண்ணீரலிலும் நிணநீர் முடிச்சுகளிலும் குடியேறிவிட்டன. மில்லர் செய்த அறுவை புதிதல்ல, செய்த நாள்தான் புதிது. அதனால் உனக்குச் சொல்கிறேன்: இந்தப் பாடத்தில் "என்ன" என்று கேட்பதை நிறுத்து. "எப்போது, எங்கே" என்று கேள்.

எலும்பு மஜ்ஜையிலிருந்து தைமஸுக்கு வரும் செல்லுக்கு இன்னும் எந்த அடையாளமும் இல்லை. அங்கே அது தன் மரபணுத் துண்டுகளை இஷ்டம்போல் வெட்டி ஒட்டித் தனக்கென்று ஓர் ஏற்பி செய்துகொள்கிறது. அப்போது அதன்மேல் சிடி4, சிடி8 என்ற அடையாளப் புரதங்கள் இரண்டும் இருக்கும். நம் செல்கள் புரதத் துண்டுகளை எம்எச்சி என்ற தாங்கியில் வைத்து நீட்டும். அதைக் கொஞ்சம்கூடப் பற்றத் தெரியாத செல் சாகும். இரண்டாம் வகுப்புத் தாங்கியைப் பற்றியது சிடி4ஐ வைத்துக்கொள்ளும், முதல் வகுப்பைப் பற்றியது சிடி8ஐ. நீ மனப்பாடம் பண்ணுகிற எண்கள் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. பிறகு தைமஸின் உள்பகுதியில் ஏயர் என்ற மரபணுவின் உதவியால் சில செல்கள் கணையத்தின் இன்சுலினைக்கூடத் தயாரித்துக் காட்டும். நம் சொந்தப் புரதத்தை இறுக்கிப் பிடிக்கும் செல்களில் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படும். அங்கே உருவாகும் செல்களில் நூற்றுக்கு ஐந்துகூட உயிரோடு வெளியேறுவதில்லை. புத்தகங்கள் இதைப் பள்ளிக்கூடம் என்று சொல்லும். எனக்கு அந்த உவமை பிடிப்பதில்லை. பள்ளியில் தோற்ற பிள்ளை அடுத்த வருஷம் எழுதலாம்.

இப்படித் தைமஸில் தேறிய செல்லுக்குத்தான் டி செல் என்று பெயர். வெளியே போனபின் நடப்பது சுலபம். சிடி8 செல், வைரஸ் புகுந்த செல்லில் துளையிட்டு அதைக் கொல்லும். சிடி4 மற்ற செல்களுக்கு உத்தரவும் ஊக்கமும் கொடுக்கும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார். பள்ளிப் படிப்பு முடிக்காதவர்கூடத் தன் சிடி4 எவ்வளவு என்று கேட்பார். அது 200க்குக் கீழே போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க எனக்கு மனமில்லை. ஜப்பானில் 1969இல் எலிகளின் தைமஸைப் பிறந்த மூன்றாம் நாள் எடுத்தார்கள். நோய்தொற்றால் மெலிவதற்குப் பதிலாக, அவற்றின் சினைப்பையை அவற்றின் உடலே அழித்தது! ஷிமோன் சகாகுச்சி இதை விடாமல் பிடித்துக்கொண்டார். தாக்கும் செல்கள் முதலில் வெளியேறிவிடுகின்றன, அவற்றை அடக்கும் செல்கள் சற்றுப் பிந்தி வருகின்றன என்பது பிறகு புரிந்தது. நல்ல எலியின் டி செல்களைச் செலுத்தினால் நோய் தடைப்பட்டது. அந்த அடக்கும் செல்களை அவர் 1995இல் அடையாளம் காட்டினார். மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் இருவரோடும் சேர்த்து அவருக்கு நோபல் கிடைத்தது 2025இல். அடக்கும் செல் என்று ஒன்று கிடையாது என்று பலர் ஒதுக்கிய காலத்திலும் அவர் விடவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

முதல் நாள், மூன்றாம் நாள், வளர்ந்த பிறகு. ஒரே அறுவை, மூன்று விளைவு. இதைக் காரணத்தோடு சொல்ல முடிந்தால் உனக்கு டி செல் தெரியும் என்று நான் ஒப்புக்கொள்வேன்.

நாளைக் காலை புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வெள்ளைத் தாள் எடு. மஜ்ஜையில் ஆரம்பித்து ஒரே ஒரு செல்லின் பாதையை வரை. எந்த இடத்தில் அது சாகலாம் என்று சிவப்பு மையில் குறி. தெரியாத இடத்தை வெறுமையாக விடு, பார்த்து எழுதாதே. பொங்கலுக்கு வரும்போது அந்தத் தாளைக் கொண்டுவா, வெறுமையான இடங்களைச் சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அத்தை