ஸ்கிரீன் சேவர் கரன்ட்டை மிச்சப்படுத்துமா?

கேள்வி: எங்கள் டி.டி.பி. கடையில் நான்கு டெஸ்க்டாப்கள். வேலை இல்லாதபோது ஸ்கிரீன் சேவர் ஓடுகிறது. ஆனாலும் கரன்ட் பில் குறையவில்லையே?

பதில்: குறையாது. பழைய பெட்டி மானிட்டர்களில் ஒரே படம் நெடுநேரம் நின்றால் அதன் தடம் திரையில் பதிந்துவிடும். அதைத் தடுக்க வந்ததுதான் ஸ்கிரீன் சேவர். இன்றைய எல்.சி.டி. திரையில் மீன் நீந்தும்போதும் பின்விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். உடனே எடுத்துவிடுங்கள்.

சும்மா கிடக்கும் கணினியும் மானிட்டரும் சேர்ந்து 80 வாட் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். நான்குக்கும் 320 வாட். தினம் மூன்று மணி நேரம் அப்படி ஓடினால் ஏறக்குறைய 1 யூனிட் வீண். கடைக்கான கட்டணத்தில் இது சின்ன விஷயமல்ல.

விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் பவர். திரை 5 நிமிடத்தில் அணையவும், கணினி 15 நிமிடத்தில் ஸ்லீப்புக்குப் போகவும் நேரம் வையுங்கள். ஸ்லீப்பில் செலவாவது சில வாட்தான். கீயைத் தட்டினால் திறந்து வைத்த ஃபைல் அப்படியே வந்து நிற்கும். ஒரு எச்சரிக்கை: அந்த நேரத்தில் கரன்ட் போய் யூ.பி.எஸ்.ஸும் தீர்ந்துவிட்டால், சேவ் செய்யாத வேலை போய்விடும். கல்யாணப் பத்திரிகையைப் பாதியில் விட்டு டீ குடிக்கப் போகுமுன் கன்ட்ரோல்-எஸ் அழுத்திவிடுங்கள்.

மானிட்டரின் பிரைட்னஸையும் கண்ணுக்குப் போதுமான அளவுக்குக் குறையுங்கள்.