பறவைத் தீனியும் கருங்கரடியும்

கொல்லாமை என்னும் முதல் அணுவிரதத்துக்கு உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் 7ஆம் அத்தியாயத்தில் ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுசுமை ஏற்றுதல் ஆகிய நான்கும் எளிதில் விளங்குவன. ஐந்தாவதாகிய உணவும் நீரும் தடுத்தல் என்பது ஆராயத்தக்கது. பறவைகட்கு நாள்தோறும் தானியம் வைத்துவந்த சிராவகர் அதனைச் சில மாதங்கள் நிறுத்தினால் இவ்வதிசாரத்துக்கு உள்ளாவாரா? நியூஜெர்சி முதலிய அமெரிக்க மாநிலங்களில் குடியேறியுள்ள ஜைன இல்லறத்தார்க்கு இது வெறும் ஏட்டு வினா அன்று.

அந்நாட்டில் வீட்டின் பின்புறத்தே சூரியகாந்தி விதை நிரப்பிய கலங்களைத் தொங்கவிடுவது பெருவழக்கு. சிட்டுகளுக்கென வைத்ததை அணிலும் உண்ணும். அதனால் பெருங்கேடில்லை. கருங்கரடியின் நிலை வேறு. நியூஜெர்சியின் 21 மாவட்டங்களிலும் அது காணப்பட்டுள்ளது. குளிர்காலத்தில் பல வாரங்கள் உண்ணாமலும் பருகாமலும் குகையிற் கிடக்கும் அவ்விலங்கு, அதற்கு முன்னர் இலையுதிர் காலத்தில் கொழுப்புச் சேர்க்க நாளொன்றுக்கு 20,000 கலோரி வரை உண்ணும். தோல் நீக்கிய சூரியகாந்திப் பருப்பு ஒரு கிலோவில் 5,500 கலோரிக்கு மேல் உண்டு. காட்டில் நாளெல்லாம் அலைந்து தேட வேண்டியது இங்கே ஒரே கலத்தில் கிடைக்கிறது. அதன் மோப்பம் மிகக் கூரியது. ஒருமுறை உண்ட இடத்தை மறவாது. குட்டிகளும் தாயிடமிருந்து அவ்வழக்கத்தைக் கற்கின்றன.

பின்னர் நிகழ்வதே துயரம். மனிதரிடத்து அச்சம் நீங்கிய கரடி, தீனிக்கலத்திலிருந்து குப்பைத் தொட்டிக்கும், அங்கிருந்து சமையலறைக் கதவுக்கும் வருகிறது. பிடித்துத் தொலைவில் விட்டாலும் பல திரும்பி வந்துவிடுகின்றன. இறுதியில் அதனைச் சுட்டுக் கொல்லும் நிலை நேர்கிறது. மனிதர் தீனியை உண்டு பழகிய கரடி செத்த கரடியே என்று அங்கு ஒரு வழக்குமொழி உண்டு. விதை வைத்தவர் துப்பாக்கியைத் தொட்டவரல்லர். ஆயினும் விளைவை அறிந்த பின்னரும் கலத்தை விட்டுவைத்தால், ஹிம்சைக்கு வேராக நம் ஆசாரியர்கள் காட்டும் பிரமாதம் அவரைச் சாராதோ?

இனி வினாவுக்கு வருவோம். பூஜ்யபாதர் தமது சர்வார்த்தசித்தி உரையில், ஐந்தாம் அதிசாரமாவது பசு முதலியவற்றுக்குப் பசி, தாகத் துன்பம் விளைத்தல் என விளக்குகிறார். கட்டுத்தறியில் நிற்கும் பசுவுக்கு நம்மையன்றி வேறு கதியில்லை. சிட்டு அத்தகையதன்று. வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை புழு, பூச்சி, புல்விதை யாவும் அதற்குக் கிடைக்கும். கலத்தை எடுத்தமையாற் பட்டினி கிடவாது. ஆகவே இதில் அதிசாரம் இல்லை என்பதே எமது துணிபு.

அங்குள்ள வனவிலங்குத் துறையினரும், கரடிகள் வெளிவரும் வசந்தத்திற் கலத்தை அகற்றி, அவை குகை புகும் குளிர்காலத்தில் மீண்டும் வைக்குமாறு கூறுகின்றனர். வெறுங்கலத்தையும் வெளியே விடலாகாது. ஒட்டிய மணமே கரடியை அழைக்கும். கீழே சிந்திய விதையையும் கூட்டி அள்ளுதல் வேண்டும். பறவைகள் பருக நீர் வைப்பதற்குத் தடையில்லை.

நம் ஊர் முற்றங்களுக்குக் கரடி வருவதில்லை, எலி வரும். மாலையில் இறைத்த நெல்லை நாடி இரவில் எலி பெருகினால், வீட்டார் பாஷாணம் தேடத் தொடங்குவர். காலையிலேயே, பறவைகள் உண்டு தீர்க்கும் அளவுக்கு மட்டும் இறைத்து, எஞ்சியதை அந்திக்கு முன் கூட்டி எடுத்துவிடலாம்.