சம்பளம் இல்லை, தடை மட்டும் உண்டு

கேள்வி: காசு வாங்காமல் வார இறுதியில் ரக்பி ஆடுபவருக்கும் ஊக்கமருந்துத் தடை உண்டா?

பதில்: உண்டு. தெரிந்தே ஸ்டீராய்டு ஏற்றியிருந்தால், தொழில்முறை வீரருக்குரிய அதே 4 ஆண்டுதான். பிரிட்டனின் தடைப் பட்டியலில் வேல்ஸின் சின்னச் சின்ன கிளப்காரர்கள் நிறையப் பேர். இவர்களில் சிலர் மருந்தெடுத்தது பந்துக்காக அல்ல, கண்ணாடியில் உடல் கட்டாகத் தெரிவதற்காக!

தடை வந்தால் ஆட்டம் மட்டும் போகாது. கிளப் அணியோடு பயிற்சி எடுக்க முடியாது. பொடியன்களுக்குப் பயிற்சியும் தர முடியாது. கால்பந்துக்குத் தாவலாம் என்றால் அங்கும் கதவடைப்பு. 'ஜிம்மில் கொடுத்த பவுடர்' என்று கைவிரித்தாலும், தவறு தன்னுடையதல்ல என்று வீரரே நிரூபிக்க வேண்டும். குற்றச்சாட்டு வந்த 20 நாளுக்குள் ஒப்புக்கொண்டு தண்டனையையும் ஏற்றால் ஓராண்டு குறையும்.