வேலி ஃபோர்ஜ் பாசறை: பனியா, பசியா?

ஒன்பதாம் வகுப்பில் அமெரிக்க விடுதலைப் போரை நடத்தும்போது, 1777-இல் நடந்த சாரடோகா வெற்றியிலிருந்து 1781-இன் யார்க்டவுனுக்கு ஒரே தாவலாகத் தாவிவிடுகிறோம். இடையில் பெரிய சண்டை எதுவுமில்லாத ஆறு மாதங்களுக்கு ஒரு பாடவேளை ஒதுக்கலாம்.

பிலடெல்பியா நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போனபின், வாஷிங்டன் 1777 டிசம்பர் 19-இல் ஏறத்தாழ 12,000 வீரர்களுடன் வேலி ஃபோர்ஜ் வந்து சேர்ந்தார். நகரிலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவு. தங்க இடமில்லை, மரம் வெட்டிக் குடிசைகளை வீரர்களே கட்டினர். நீளம் 16 அடி, அகலம் 14 அடி, ஒரு குடிசைக்கு 12 பேர். ஒவ்வொரு படைப்பிரிவிலும் விரைவாகவும் ஒழுங்காகவும் கட்டி முடிக்கும் குழுவுக்கு 12 டாலர் பரிசு என்று வாஷிங்டன் அறிவித்தார்.

இந்த அளவை வகுப்பறைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து, 12 மாணவர்களை உள்ளே உட்கார வையுங்கள். முதலில் சிரிப்பார்கள். ‘இதற்குள் அடுப்பு எங்கே, படுக்கை எங்கே, ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அவர் எங்கே?’ என்று கேளுங்கள். மூன்றாம் கேள்விதான் பாடத்தின் மையம்.

ஏனெனில் அங்கு இறந்த ஏறத்தாழ 2,000 பேரில் எவரும் போரில் சாகவில்லை. பனியில் உறைந்து மடிந்தார்கள் என்பது ஓவியங்கள் தந்த எண்ணம். அந்தக் குளிர்காலம் அப்படியொன்றும் கொடியதல்ல. 1779-80-இல் மாரிஸ்டவுனில் அனுபவித்ததுதான் கொடியது. டைபாய்டு, சீதபேதி போன்ற நோய்களே கொன்றன. அதிலும் பெரும்பாலோர் இறந்தது மார்ச் முதல் மே வரை, வெயில் வந்த பிறகு! பெரியம்மைக்கு மட்டும் தடுப்பு இருந்தது. நோயாளியின் கொப்புளத்திலிருந்து எடுத்ததையே நலமானவர் தோலில் கீறி ஏற்றும் பழைய முறை அது. ஜென்னரின் தடுப்பூசி 1796-இல்தான் வந்தது என்பதை அறிவியல் ஆசிரியரோடு இணைத்துச் சொல்லலாம்.

பசிக்குக் காரணம் என்ன? மாவையும் தண்ணீரையும் பிசைந்து தணலில் சுட்ட அடையே பல நாள் உணவு. 2,898 பேர் காலணியும் உடையும் இன்றிப் பணிக்கு உதவாமல் இருப்பதாக டிசம்பர் 23-இல் வாஷிங்டன் காங்கிரசுக்கு எழுதினார். ஆனால் அந்த நாடு பஞ்சத்தில் இல்லை. வண்டியும் குதிரையும் போதவில்லை, பொருள் வழங்கும் துறை சீர்கெட்டிருந்தது. காங்கிரசின் காகிதப் பணம் மதிப்பிழந்ததால், விவசாயிகள் பலர் நகரிலிருந்த ஆங்கிலேயரிடம் விற்று நாணயம் வாங்கினர். அவர்களைத் துரோகிகள் என்று மாணவர்கள் உடனே சொல்லக்கூடும், அவசரப்பட்டு ஆமோதிக்காதீர்கள். அந்த விவசாயி வீட்டுக் கணக்கை அவர்களையே எழுதச் சொல்லுங்கள்.

மார்ச்சில் நத்தானியேல் கிரீன் அப்பொறுப்பை ஏற்றபின் வண்டிகள் வரத் தொடங்கின. ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாத பிரஷ்யர் ஸ்டாய்பன், மொழிபெயர்ப்பாளர் துணையுடன் கவாத்து கற்பித்தார். பிரெஞ்சு உடன்படிக்கைச் செய்தியை மே 6-இல் பாசறையே கொண்டாடியது. ஜூன் 19-இல் படை புறப்பட்டது.

தேர்வுக்கு ஒரு வினா: “ஊரில் தானியம் இருந்தும் பாசறை ஏன் பட்டினி கிடந்தது?” ஐந்து மதிப்பெண் தரலாம். ‘பனி’ என்று மட்டும் எழுதியவருக்கு அரை மதிப்பெண் போதும்.